கேமரா என்றால் அறை

இரவு ஒன்பதரைக்கு மேல் அவள் வந்தாள். கடையை மூடிவிட்டு, கையில் மாவு காய்ந்திருக்க அப்படியே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அக்கா, நாளன்னைக்கு நாங்க கோர்ட்டுக்கு வரல. எழுதிக் குடுக்கணும்னா நீங்களே எழுதிக் குடுத்துருங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். மாதக்கணக்கில் காத்திருந்து, வாய்தா மேல் வாய்தா வாங்கி, ஒருவழியாகக் குழந்தை சாட்சி சொல்ல ஒரு தேதி கிடைத்திருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து இப்படிச் சொன்னாள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவான வழக்கு. எந்த ஊர், எந்த வருடம், குழந்தைக்கு எத்தனை வயது என்பதையெல்லாம் எழுதமாட்டேன். அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன். கடை, மாவு என்று மேலே சொன்னதுகூட மாற்றிச் சொன்னதுதான். நான் வக்கீல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். கோர்ட்டிலிருந்து வரும் காகிதங்களைப் படித்துச் சொல்லத்தான் அவள் என்னிடம் முதலில் வந்தாள். அப்புறம் ஒவ்வொரு தேதிக்கும் கூடப் போவது வழக்கமாகிவிட்டது.

என்ன நடந்தது என்று கேட்டேன். அன்று காலை கோர்ட் வராந்தாவில் யாரோ ஒருவர், நல்ல மனதோடுதான், அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். "பயப்படாதீங்கம்மா, கேமரா விசாரணைதான்." அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து அவளுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

"போலீஸ்ல கேட்டப்ப வீட்டுக்கேதான்க்கா வந்தாங்க. அந்த மேடம் சுடிதார்லதான் வந்தாங்க, நல்லாத்தான் பேசுனாங்க. ஆனா எதுத்தாப்புல இன்னொருத்தங்க கேமராவப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. புள்ள அதையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைலருந்து யாரு செல்போனத் தூக்குனாலும் மூஞ்சிய மூடிக்குது. அத்தன பேரு இருக்கற எடத்துல மறுபடியும் கேமரா வப்பாங்கன்னா என் புள்ளையக் கூட்டிட்டு வரமாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. முடிந்தவரை அந்த வாக்குமூலத்தை ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்காமலிருக்க அது ஒரு வழி. அந்தக் கேமராவைத்தான் அவள் பார்த்திருந்தாள். ஆனால் வராந்தாவில் அவளுக்குச் சொல்லப்பட்டது 37ஆம் பிரிவைப் பற்றி. 'இன் கேமரா' என்று ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பிரிவு சொல்வது இதற்கு நேர் எதிர்: சம்பந்தமில்லாத யாரும் உள்ளே இருக்கக் கூடாது, குழந்தையின் பெற்றோரோ குழந்தை நம்புகிற வேறொருவரோ பக்கத்தில் இருக்கலாம். ஒரே சட்டத்தில், பதினொரு பிரிவு இடைவெளியில், ஓரிடத்தில் படம்பிடிக்கும் கருவி. இன்னோரிடத்தில் அதன் பெயரைக் கொண்ட ஒரு மூடிய அறை.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். கேமரா என்பது லத்தீன் சொல், அந்த மொழியில் அதற்கு அறை என்று பொருள், 'இன் கேமரா' என்றால் அறைக்குள்ளே, அதாவது வெளியாட்களை அனுப்பிவிட்டு விசாரிப்பது என்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "மூடி வச்சு விசாரிக்கறதுக்கு ஏங்க்கா படம் புடிக்கற பேர வச்சாங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்னால் ஒரு விழிப்புணர்வுத் துண்டறிக்கையை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அதில் 'கேமரா முறையில் விசாரணை நடைபெறும்' என்று எழுதியது நான்தான். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, வக்கீல்கள் வாயில் புழங்கும் சொல்தானே என்று அப்படியே விட்டுவிட்டேன். அந்தத் தாள் எத்தனை வீடுகளுக்குப் போனதோ. அதைப் படித்துவிட்டு எத்தனை தாய்மார்கள் இவளைப் போலக் கதவருகில் நின்று, 'நாங்கள் வரவில்லை' என்று சொன்னார்களோ. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. அது எங்கிருந்து புறப்பட்டு, எந்தெந்த ஊர் வழியாக இந்த வராந்தாவுக்கு வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

வளைந்த கூரை

ஆதியில் அது அறைகூட இல்லை, கூரைதான். கிரேக்கத்தில் 'கமாரா' என்றால் வளைவாக மூடிய கூரை. இன்றைய கிரேக்கத்திலும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. தெசலோனிக்கி நகரின் நடுவில் ரோமச் சக்கரவர்த்தி கலேரியஸ் எழுப்பிய வெற்றி வளைவு நிற்கிறது, ஊர்க்காரர்கள் அதைக் கமாரா என்றுதான் சொல்கிறார்கள். யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் 'கமாராவுக்கு வா' என்பார்கள். நாம் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்வதுபோல.

ரோமர்கள் அந்தச் சொல்லை வாங்கிக் கல்லால் கட்டிய வளைகூரைகளுக்கு வைத்தார்கள். கருங்கடல் பகுதியில் ஒருவகைப் படகுக்கும் இந்தப் பெயர் இருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அலை உயர உயரப் பக்கங்களில் பலகைகளை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் படகே கூரை போட்டதுபோல மூடிக்கொள்ளுமாம். மூடுவது, காப்பது என்ற நினைப்பு இந்தச் சொல்லில் எவ்வளவு பழையது என்பதற்கு இந்தப் படகு ஒன்று போதும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் எல்லா மூடலும் காப்பதற்கில்லை. கி.மு. 63இல் ரோம ஆட்சியைக் கவிழ்க்கக் காட்டிலினா செய்த சதியில் பங்குகொண்டவர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற ரோமச் சிறைக் குழியை வரலாற்றாசிரியர் சல்லுஸ்ட் வர்ணிக்கிறார். தரைக்குக் கீழே சுமார் 12 அடி ஆழம், நாலு பக்கமும் சுவர், மேலே கல் வளைவுகளால் பிணைத்த ஒரு 'கேமரா', உள்ளே அழுக்கு, இருட்டு, நாற்றம். இரண்டாயிரம் வருடங்கள் கழித்து ரஷ்ய மொழியில் சிறைக் கொட்டடிக்கு 'கமெரா' என்றுதான் பெயர். ரயில் நிலையத்தில் பெட்டிகளைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போகும் இடத்துக்கும் அதே சொல், படம்பிடிக்கும் கருவிக்கும் அதே சொல். கொட்டடிக்குள் ஒரு கண்காணிப்புக் கருவியைப் பொருத்தினால் ரஷ்யர்கள் 'கமெராவுக்குள் கமெரா' என்று சொல்லவேண்டியிருக்கும். அவள் கேட்ட கேள்வியின் இரண்டு முனையும் அந்த ஒரு தொடரில் இருக்கின்றன.

ரோமப் பேரரசு உடைந்து அதன் மொழி பல மொழிகளாகப் பிரிந்தபோது கூரை மெல்ல மெல்லக் கீழிறங்கி அறையாகிவிட்டது. இத்தாலியில் இன்றும் கேமரா என்றால் அறைதான். வீட்டு வாசலில் அதன் பன்மையை எழுதிப் பலகை மாட்டியிருந்தால் வாடகைக்கு அறை உண்டு என்று பொருள். படமெடுக்கும் கருவியை அவர்கள் பெரும்பாலும் 'படமெடுக்கும் இயந்திரம்' என்ற பொருளில் வேறு பெயரிட்டு அழைக்கிறார்கள். நாடாளுமன்றத்தின் கீழவையும் அங்கே கேமராதான். பிரெஞ்சில் அது 'ஷாம்ப்ர்' ஆகிப் படுக்கையறையானது, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய் 'சேம்பர்' ஆனது, அயர்லாந்தில் 'ஷோம்ரா' ஆனது. டச்சுக்காரர்களுக்கு 'காமர்', அறை. ஜெர்மானியர்களுக்கு 'கம்மர்', சின்ன அறை. ஹங்கேரியில் 'கம்ரா' என்றால் சாமான்கள் வைக்கும் உக்கிராண அறை. பாஸ்க் நாட்டில் 'கன்பாரா' என்றால் கூரைக்கு அடியிலிருக்கும் பரண், அதாவது சொல் மறுபடியும் கூரைக்கே ஏறிவிட்டது. போர்ச்சுகலில் நகராட்சியே 'காமரா'தான்.

அறையில் வேலை செய்தவர்களுக்கும் பெயர் இதிலிருந்தே வந்தது. ஸ்பெயினில் சாப்பாடு பரிமாறுகிறவர் 'கமரேரோ', இத்தாலியில் 'கமெரியேரே'. போப்பாண்டவர் இறந்தால் அடுத்தவர் வரும்வரை வத்திக்கானின் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் கர்தினாலுக்குக் 'கமெர்லெங்கோ' என்று பட்டம். 2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் மறைந்ததை உலகுக்கு அறிவித்தவர் அந்தப் பதவியிலிருந்தவர்தான்.

இந்தக் குடும்பத்தில் நமக்கு மிக நெருக்கமான ஒரு பெயரும் இருக்கிறது. ஸ்பெயினின் படைகளில் ஒரே அறையில் தங்கியிருந்த சிப்பாய்களின் கூட்டத்துக்குக் 'கமரதா' என்று பெயர். பிறகு அந்த அறையில் கூடத் தங்கியிருக்கும் ஒருவனுக்கே அது பெயராயிற்று. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ஊர்த் தேநீர்க் கடைகளுக்கும் தொழிற்சங்க அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது: காம்ரேட். நாம் தோழர் என்று சொல்வதை அவர்கள் 'ஒரே அறையில் படுத்தவன்' என்று சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போன பொருள் இது. ஒரே கூரையின் கீழ் தூங்கியவர்களுக்கிடையே வரும் நம்பிக்கையை ஒரு சொல்லில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இருட்டறையில் ஒரு துளை

அப்படியானால் அறை எப்போது கண்ணானது? இங்கே ஒரு தவறான கதையை முதலில் ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அது அடிக்கடி வருகிறது. கேமரா என்ற சொல்லே அரபு மொழியின் 'கமரா'விலிருந்து வந்தது, அரபு அறிவியலாளர் இப்னு அல் ஹைதம் வைத்த பெயர் அது என்பார்கள். அந்த மேதை பிறப்பதற்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே சல்லுஸ்ட் இந்தச் சொல்லை எழுதிவிட்டார். இப்னு அல் ஹைதமின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில், இருட்டான ஓர் இடத்தில் சின்னத் துளை வழியாக வரும் ஒளி எப்படி வெளியிலிருப்பதன் உருவத்தை எதிர்ச்சுவரில் விழ வைக்கிறது என்று முறையாக ஆராய்ந்தவர் அவர். அது போதும்.

நாமும் பார்த்ததுதான் இது. ஓட்டு வீட்டில் நடுப்பகலில் கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தால், கதவிடுக்கு வழியாகத் தெருவில் போகிறவர்கள் சுவரில் தலைகீழாகப் போவார்கள். சின்ன வயதில் பாட்டி வீட்டில் மதியம் முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். தெருவில் இருந்தவர்களுக்கு நான் உள்ளே இருப்பது தெரியாது. எனக்கு அவர்கள் எல்லோரும் தெரிந்தார்கள்.

அந்த இருட்டறைக்கு லத்தீனில் 'கேமரா அப்ஸ்குரா' என்று பெயர் வைத்தவர் ஜோகன்னஸ் கெப்ளர். 1604இல் வெளிவந்த தன் ஒளியியல் நூலில் அந்தத் தொடரை எழுதினார். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட அதே கெப்ளர்தான். 1620இல் லின்ஸ் நகரில் அவரைச் சந்தித்த ஆங்கிலத் தூதர் ஹென்றி வாட்டன், ஒரு சின்னக் கறுப்புக் கூடாரத்தைக் கெப்ளர் வயல்வெளியில் நட்டு, துளையில் வில்லையைப் பொருத்தி, உள்ளே விழும் காட்சியைத் தாளில் அப்படியே வரைந்ததைப் பற்றிப் பிரான்சிஸ் பேக்கனுக்குக் கடிதம் எழுதினார். அறை கூடாரமாகச் சுருங்கிவிட்டது. கூடாரம் பெட்டியாகச் சுருங்கியது. 1826-27 வாக்கில் பிரான்ஸில் நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளை ஈயம் கலந்த ஒரு தகட்டில் பதிய வைத்தபோது, அந்தப் பெட்டிக்குள் விழுந்த ஒளி முதல்முறையாக அங்கேயே தங்கியது. 1839இல் டாகேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு யாருக்கும் 'இருட்டு' என்ற அடைமொழி தேவைப்படவில்லை. அப்ஸ்குரா உதிர்ந்தது, கேமரா மட்டும் மிஞ்சியது.

அந்த உதிர்ந்த சொல்லில்தான் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறேன். இருட்டறை என்று சொன்னபோது அறை ஞாபகம் இருந்தது. அறை என்று மட்டும் சொன்னபோது, விந்தையாக, அறை மறந்துபோயிற்று.

எட்டடிக் காம்பரா

போர்த்துகீசியர்கள் நம் கடற்கரைக்கு வந்தபோது தங்கள் சொற்களையும் இறக்கினார்கள். ஜன்னல் அவர்கள் கொடுத்தது. சாவி, அலமாரி, மேசை, எல்லாமே அவர்கள் வழியாக வந்தவை, எல்லாமே அடியில் லத்தீன். ஓர் அறைக்குள் இருக்கும் சாமான்களின் பெயர்களையெல்லாம் தமிழ்நாட்டில் நாம் வாங்கிக்கொண்டோம். அறையை மட்டும் வாங்கவில்லை. அறை நம்மிடமே இருந்தது. கருவறை இருந்தது, பள்ளியறை இருந்தது, நிலவறை இருந்தது.

வடக்கே வாங்கிக்கொண்டார்கள். இந்தியில் அறைக்குக் 'கம்ரா' என்று சொல்வது போர்த்துகீசிய 'காமரா'தான். வங்காளத்தில் ரயில் பெட்டிக்கும் அதுவே பெயர். இலங்கையில் 1505இல் போர்த்துகீசியர் வந்தார்கள், 1656இல் கொழும்பை அவர்களிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். இருவர் வாயிலும் அறைக்கு ஏறத்தாழ ஒரே சொல். சிங்களத்தில் இன்றும் அறை என்றால் 'காமரய'. அங்கிருந்து மலையகத் தமிழுக்கு வந்த சொல்தான் காம்பரா.

அந்தச் சொல்லை முதன்முதலில் நான் ஒரு மலையக நண்பர் வாயால் கேட்டேன். "எட்டடிக் காம்பராவுல பொறந்து வளந்தவங்க நாங்க" என்றார். காப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களை வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் குடிவைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அம்மா, அப்பா, பிள்ளைகள், பாட்டி, கல்யாணமான மகன், எல்லோருக்கும் அந்த ஒன்றுதான். சமையலும் அங்கேயே, பிரசவமும் அங்கேயே. பக்கத்துக் காம்பராவில் பேசுவது இங்கே கேட்கும். அறை என்ற பெயர் இருந்தது, அறை தரும் மறைவு இல்லை. ஒரு பெண்பிள்ளை உடை மாற்ற வேண்டுமென்றால் யாராவது வெளியே போய் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னார். கதவு இருப்பதற்கும், அதைச் சாத்திக்கொள்ள முடிவதற்கும் இடையிலான தூரம் எவ்வளவு பெரியது என்று அன்று எனக்கு உறைத்தது.

நம் ஊரிலும் இந்தச் சொல் வேறு வேடத்தில் இருக்கிறது. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையைச் 'சேம்பர்' என்பார்கள், அங்கே வேலைக்குப் போனால் 'சேம்பருக்குப் போயிருக்கான்'. கொத்தனார் வீட்டுக்குப் பின்னால் சாக்கடைத் தொட்டி கட்டினால் அதுவும் சேம்பர். கோர்ட்டில் சீனியர் வக்கீலின் அறை சேம்பர், நீதிபதியின் அறையும் சேம்பர். ஆக அந்த வராந்தாவில் என் தோழி நின்ற இடத்தைச் சுற்றிலும் இந்தச் சொல்லின் பிள்ளைகள்தான். நீதிபதியின் சேம்பர் ஒரு பக்கம், தூணில் பொருத்திய கேமரா ஒரு பக்கம். அவளுக்குப் புரியும்படி அவற்றில் எதுவும் பேசவில்லை.

கம்ராவின் கதவு

ஒரு நாள் ஒரு வழக்கு பற்றிய இந்திச் செய்தியைத் தற்செயலாகக் கேட்டபோதுதான் அது நடந்தது. விசாரணை 'பந்த் கம்ரே மே' நடக்கும் என்று வாசித்தார்கள். மூடிய அறையில். வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

'இன் கேமரா' என்ற தொடரை இந்திக்காரர்கள் பொருள் பார்த்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் அறைக்கு நானூறு ஐந்நூறு வருடங்களாகப் புழங்கும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லோ, கேட்கிற யாருக்கும் தெரியாமலே, அதே லத்தீன் கேமரா. கப்பலேறி வந்து, வீட்டுச் சொல்லாகி, சமையல்காரர் முதல் கலெக்டர் வரை எல்லோர் வாயிலும் கரைந்துபோன கேமரா. இங்கிலாந்து வழியாகச் சட்டப் புத்தகத்தில் வந்த கேமரா அவளைப் பயமுறுத்தியது. மீனவர்களோடும் மாலுமிகளோடும் வந்த கேமரா, ஓர் இந்திக்காரத் தாய்க்குக் கதவு சாத்திய அறையாகவே கேட்கும்.

இதற்குமுன் சொல்லின் வேர் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அன்றிரவு அவளிடம் லத்தீன் பேசினேன். வேர் சரியாகத்தான் இருந்தது, அவளுக்கு அது எட்டவில்லை. இந்திச் செய்தி வாசித்தவருக்கு வேர் தெரியாது, தேவையுமில்லை. அவர் சொன்னது வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆங்கிலேயர்களே இந்தத் தொடரைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. 1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் உரிமையியல் நீதிமன்ற விதிகளைத் திருத்தி எழுதியபோது, சாதாரண மக்களுக்குப் புரியவேண்டும் என்று பல லத்தீன் தொடர்களை எடுத்துவிட்டார்கள். 'இன் கேமரா' போய் எளிய ஆங்கிலத்தில் 'தனிமையில்' என்று வந்தது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இருக்கிறது, 1984ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் இருக்கிறது. பாலியல் வன்முறை வழக்குகளுக்காக 1983இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவில் சேர்த்தார்கள். மூடிய அறை விசாரணைதான் இவ்வழக்குகளில் விதியாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அழுத்திச் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 366ஆம் பிரிவில் அதே இரண்டு லத்தீன் சொற்கள். இந்தப் புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு, போலீஸ் சோதனைகளை ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்யச் சொல்கிறது. அதாவது நிஜக் கேமராக்கள் வழக்குகளுக்குள் இன்னும் நிறைய வரப்போகின்றன. குழப்பமும் கூடத்தான் போகிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பல நாள் இதோடு மல்லுக்கட்டினேன். செய்தித்தாள்களில் 'ரகசிய விசாரணை' என்று வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. ரகசியம் என்றால் யாரோ எதையோ ஒளிப்பதுபோல ஆகிறது. அந்தக் குழந்தை ஒளிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. 'மறைவில் விசாரணை' என்றாலும் அதே நெருடல், மறைவு என்றால் நம் ஊரில் வெட்கமும் கூடவே வந்துவிடும். 'தனியறை விசாரணை' நன்றாக இருக்கிறது, ஆனால் குழந்தையைத் தனியாக ஓர் அறையில் விட்டுவிடுவார்கள் என்று ஒரு தாய் அதை எடுத்துக்கொள்ள முடியும். 'மூடிய அறை விசாரணை'யும் எழுத்தில் சரியாகத்தான் இருக்கிறது. காதில் விழும்போதோ யாரை உள்ளே வைத்து மூடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சல்லுஸ்டின் சிறைக் குழியும் மூடிய அறைதானே. சட்டம் சொல்ல வருவது வேண்டாதவர்களை வெளியே நிறுத்துவதை. அந்த வெளியே நிறுத்தும் காரியம் மேற்சொன்ன எந்தச் சொல்லிலும் இல்லை.

சாட்சி சொன்ன நாள்

அவள் வந்தாள். அன்றிரவு என் விளக்கத்தால் இல்லை. மறுநாள் காலை நான் கோர்ட்டுக்குப் போய், அரசு வக்கீலிடம் கேட்டு, உள்ளே யார் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொருவராக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அவளிடம் படித்துக் காட்டினேன். நீதிபதி, எழுதுகிறவர், இரண்டு பக்க வக்கீல்கள், அவள், குழந்தை. குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரை போட்டிருப்பார்கள். 36ஆம் பிரிவு காணொளி வழியாகவும் செய்யலாம் என்கிறது, அதனால் அதையும் தனியாகக் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். இல்லை, திரைதான் என்று சொன்னார்கள். "படம் புடிக்கற சாமான் எதுவும் இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

சாட்சி சொல்லும் நாளன்று காலை பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் உள்ளே இருந்தவர்களையெல்லாம் டவாலி வெளியே அனுப்பினார். வேறு வழக்குக்கு வந்தவர்கள், இளம் வக்கீல்கள், சும்மா நின்றவர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். நானும் வெளியே நின்றேன். குழந்தை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனபோது மேலே பார்த்தது, மூலைகளைப் பார்த்தது. டவாலி அந்தப் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். கதவுச் சங்கிலியைக் கழற்றி, இரண்டு கதவுகளையும் இழுத்து மெதுவாகச் சாத்தினார். வார்னிஷ் போய்ப் பல வருடமான பழைய தேக்குக் கதவு. அதன் இடுக்கில் யாரும் கண் வைக்காதபடி அவரே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

ஒன்றேகால் மணி நேரம். வெளியே வந்தபோது குழந்தை தண்ணீர் கேட்டது, அப்புறம் முறுக்கு கேட்டது. அழுத முகமாகத்தான் இருந்தது. ஆனால் கையால் மூடிக்கொள்ளவில்லை.

ஒரு கையெழுத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு மஞ்சள் பை, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. எங்கள் வழக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை, அவருடையது என்ன என்று நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தயங்கித் தயங்கி, "உள்ள கேமரா வப்பாங்களாமே, அப்படியாங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. இருக்கறவங்கள எல்லாம் வெளிய போகச் சொல்லிட்டு, கதவச் சாத்திக்கிட்டுக் கேப்பாங்க. நீங்க புள்ள பக்கத்துலயே இருக்கலாம்."

நான் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.